கண் வறட்சி உள்ளவர்களுக்குக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி: ஆவி படியாமல், குறைந்த விலையில் எது?

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையில் இருந்து வள்ளியூருக்கு தினமும் பைக்கில் போய் வருகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் வரும்போது காற்று எப்படி அடிக்கும் என்று அந்த வழியாகப் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அத்தனை காற்றாலையையும் சும்மாவா அங்கே கொண்டு நட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கண் வறட்சி என்று டாக்டர் சொன்னதில் இருந்து இந்தக் காற்றோடுதான் எனக்குத் தினமும் மல்லுக்கட்டு. அது தெரிந்ததால் சொந்தத்திலும் வேலை இடத்திலும் யாருக்குக் கண் எரிந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் சித்தப்பா, நாகர்கோவிலில் ஏசி அலுவலகத்தில் உட்காரும் மைனி (அண்ணி), ஈத்தாமொழியில் தேங்காய் நார் எடுக்கும் தும்பு ஆலையில் வேலை செய்யும் நண்பன், எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: "காற்றும் தூசியும் உள்ளே வரக்கூடாது, கண்ணாடியில் ஆவி படியக்கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். எதை வாங்க?"

இந்த மூன்றையும் முழுசாகத் தரும் கண்ணாடி கிடையாது. காற்றை எவ்வளவு அடைக்கிறோமோ அவ்வளவுக்கு ஆவி படியும். அதனால் உங்களுக்கு எந்த இடத்தில், எந்த நேரத்தில் கண் காய்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு அடைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சித்தப்பாவுக்குச் சரியானது மைனிக்கு வீண் செலவு.

கண்ணாடிக்கு முன்னால் கண்

கண் எரிச்சல் எல்லாம் வறட்சி இல்லை. அலர்ஜி, இமை ஓர வீக்கம், பவர் மாறியது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது. ஒரு சின்ன காகிதப் பட்டையைக் கீழ் இமையில் 5 நிமிடம் வைத்துக் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளப்பார்கள், அப்புறம் மஞ்சள் சாயம் விட்டு, ஒரு தடவை சிமிட்டிய பிறகு கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடி உடையாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 10 வினாடிக்கு முன்னாலேயே உடைந்தால் படலம் நிலையாக இல்லை என்று அர்த்தம். எனக்கு 5 வினாடி.

கண்ணீரின் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது, இமை ஓரத்தில் இருக்கும் சுரப்பிகள்தான் அதைக் கொடுக்கின்றன. பலருக்கும் கண்ணீர் ஊறுவதில் குறை இருக்காது, இந்த எண்ணெய் குறைவதால் ஊறிய கண்ணீர் சீக்கிரம் காய்ந்து போகும். காற்று பட்டால் இன்னும் சீக்கிரம். காற்றைத் தடுக்கும் கண்ணாடி மிகவும் உதவுவது இவர்களுக்குத்தான். கண்ணோடு வாயும் வறண்டு போகிறது, மூட்டும் வலிக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது, பார்வை திடீரென்று மங்குவது, இதில் எது வந்தாலும் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து. காற்று எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது? எவ்வளவு சீக்கிரம் ஆவி படிகிறது? பவர் கண்ணாடிக்கு மேல் போட முடியுமா? இரவிலும் போட முடியுமா? ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 100 ரூபாய் கண்ணாடி மூன்று மாதத்தில் கீறல் விழுந்து மூலையில் கிடந்தால் வருடத்துக்கு 400 ரூபாய்.

ஆவி எப்படிப் படிகிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் கடைக்காரர் சொல்வதில் எதை நம்புவது என்று தெரிந்துவிடும். முகத்தின் சூடு, வேர்வை, மூச்சு, கண்ணீர் எல்லாம் சேர்ந்து கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் காற்றை ஈரமாக்குகின்றன. கண்ணாடியோ வெளிக்காற்றின் குளிர்ச்சியில் இருக்கும். ஈரக்காற்று அதில் பட்டதும் பொடித் துளிகளாகப் படியும், அந்தத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் புகை மூட்டமாகத் தெரிகிறது. ஆன்டி ஃபாக் பூச்சு ஆவியைத் தடுப்பதில்லை, துளியாக நிற்க விடாமல் ஒரே படலமாகப் பரத்தி விடுகிறது, அதனால் அந்த வழியாகப் பார்க்க முடிகிறது.

நம் மாவட்டத்தில் இது ஏன் இவ்வளவு தொல்லை என்றால் வெளிக்காற்றிலேயே ஈரம் அதிகம். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழைக்காலத்தில் கொஞ்சம் வேர்த்தாலே போதும், கண்ணாடி வெள்ளையாகிவிடும். கணவாய்க்குக் கிழக்கே போனால் அப்படியே தலைகீழ், காய்ந்த காற்று, ஆவி படிவது குறைவு, ஆனால் கண் வறண்டு மணல் போட்ட மாதிரி உறுத்தும். மேற்கே இருப்பவர் ஆவியை முதலில் யோசிக்க வேண்டும், கிழக்கே போகிறவர் அடைப்பை.

எனக்கு இது புரிய ஒரு சீசன் ஆனது. காலையில் வள்ளியூருக்குப் போகும்போது காற்று முதுகுப் பக்கம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும், பின்னால் இருந்து 30 வேகத்தில் காற்று தள்ளினால் முகத்தில் படுவது வெறும் 20. கண்ணாடிக்குள் காற்றோட்டம் இல்லாமல் ஆவி படிந்துவிடும். சாயங்காலம் திரும்பி வரும்போது அதே காற்று எதிரே, இப்போது முகத்தில் படுவது 80. ஆவி துளியும் கிடையாது, இடுக்கு வழியாக நுழையும் காற்றில் கண் எரிந்துவிடும். ஒரே சாலை, ஒரே கண்ணாடி, காலையில் ஒரு தொல்லை, மாலையில் வேறு தொல்லை.

1. பக்க மறைப்பு வைத்த சாதாரண சேஃப்டி கண்ணாடி

ஹார்டுவேர் கடையில் 50 முதல் 150 ரூபாய்க்குள் கிடைக்கும். மேலும் கீழும் திறந்தே இருப்பதால் ஆவி படிவது மிகக் குறைவு. ஃபேன் காற்று, ஏசி காற்று, ஊருக்குள் மெதுவாக ஓட்டும் ஸ்கூட்டர், வீட்டு வாசலில் தூசி தட்டுவது, இதற்கெல்லாம் இது போதும். 40 வேகத்தைத் தாண்டினால் ஓரத்தில் காற்று சுழன்று கண்ணுக்குள்ளேயே வரும், சில நேரம் கண்ணாடி போடாமல் இருந்ததைவிட மோசமாகத் தோன்றும்.

கீறல்தான் இதில் மறைமுகச் செலவு. மலிவானதில் பார்வை கொஞ்சம் வளைந்து தெரியும், அரை மணி நேரம் போட்டால் தலை வலிக்கும். கண்ணாடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தானா என்று பார்த்து வாங்குங்கள், அது நிறமே இல்லாமல் இருந்தாலும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெயிலுக்காகக் கறுப்பு வாங்க வேண்டும் என்று இல்லை.

கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் போடுகிறார்களே, முகத்தைச் சுற்றி வரும் அந்தக் கறுப்புக் கண்ணாடி, அதுவும் இந்த வகைதான். பவர் கண்ணாடிக்கு மேலேயே போடலாம், மேல் ஓரமும் மூடியிருக்கும், விலையும் குறைவு. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ போட்டது பழுதில்லாமல் கிடந்தால் கழுவித் துடைத்துப் பகலில் போட்டுப் பாருங்கள், உங்களுக்கு எந்த அளவு அடைப்பு தேவை என்று காசு செலவழிக்காமலேயே தெரிந்துவிடும். இரவில் வண்டி ஓட்டும்போது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது.

2. ஃபோம் வைத்த பைக் கண்ணாடி

நான் தினமும் போடுவது இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். பார்க்க சாதாரண கூலிங் கிளாஸ் மாதிரி இருக்கும், பின்புறம் சுற்றி ஃபோம் ஒட்டியிருக்கும், அது புருவத்திலும் கன்னத்திலும் ஒட்டி உட்காரும். 400 முதல் 1500 ரூபாய் வரை போகிறது. மேலே சின்னத் துவாரங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். துவாரம் இல்லாதது எதிர்காற்றில் அருமையாக இருக்கும், ஆனால் ரயில்வே கேட்டில் இரண்டு நிமிடம் நின்றால் ஒன்றும் தெரியாது. துவாரம் இருந்தால் ஓடும்போது ஆவி தானாகக் கலைந்துவிடும். அந்த வழியாக வரும் கொஞ்சக் காற்று கண்ணில் நேராகப் படாமல் மேலேயே போகிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அது முக அமைப்புக்கு முகம் மாறும்.

ஃபோமில் இரண்டு வகை. பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சுவது ஒன்று, செருப்பின் அடிப்பாகம் மாதிரி உறிஞ்சாதது ஒன்று. நம் ஊர் வேர்வைக்கு உறிஞ்சாததுதான் நல்லது. உறிஞ்சும் ஃபோம் ஒரு மாதத்தில் நாற்றம் அடிக்கும், அந்த அழுக்கு இமை ஓரத்தில் பட்டுப் பட்டு வீக்கம் வந்தால் எண்ணெய்ச் சுரப்பி இன்னும் அடைபடும், வறட்சிக்காக வாங்கிய கண்ணாடியே வறட்சியைக் கூட்டும். எனக்கு அப்படி ஒரு தடவை இமைக்கட்டி வந்தது. அதற்குப் பிறகு கழற்றி மாட்டும் ஃபோம் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். வாரம் இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவி நிழலில் காயவைக்கிறேன்.

இதற்கு மேல் வரும் செலவு: ஃபோம் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும், உதிரி ஃபோம் தனியாகக் கிடைக்காத மாடலை வாங்கினால் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான். பவர் உள்ளவர்கள் உள்ளே தனியாக ஒரு பிரேம் வைத்து லென்ஸ் போட வேண்டும், கண்ணாடி விலையைவிட அதற்கு அதிகமாகிவிடும். அப்புறம் ஹெல்மெட். காதுக் கம்பி தடிமனாக இருந்தால் ஹெல்மெட் அழுத்தி நெற்றிப்பொட்டில் வலிக்கும். ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போய் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நிறமில்லாத லென்ஸைத்தான் வாங்கச் சொல்வேன். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கறுப்புக் கண்ணாடியோடு ஓட்டுவது ஆபத்து, கழற்றினாலோ கண் எரியும். பகல் வெயில் கூசுகிறவர்கள் லென்ஸ் மாற்றிப் போடும் மாடல் பார்க்கலாம்.

3. மூடிய துவாரம் உள்ள காகிள்ஸ்

லேபில், ஆசிட் வேலையில் போடுவார்களே, எலாஸ்டிக் பட்டை வைத்த பெரிய கண்ணாடி, அதுதான். 150 முதல் 500 ரூபாய். பவர் கண்ணாடிக்கு மேல் அப்படியே போடலாம், இந்த ஒரு வசதிக்காகவே பலருக்கும் இதுதான் சரி. வாங்கும்போது துவாரத்தைப் பாருங்கள். சும்மா ஓட்டை போட்டிருந்தால் காற்றும் தூசியும் நேராக உள்ளே வரும், தெளிக்கும் திரவமும் வரும். ஓட்டைக்கு மேல் மூடி போட்டு, காற்று வளைந்து உள்ளே வரும்படி செய்திருப்பதுதான் நமக்கு வேண்டியது.

தும்பு ஆலை நண்பனுக்கு நான் சொன்னது இது. கதம்பைத் தூசி (தேங்காய் மட்டைத் தூசி) மாவு மாதிரி பறக்கும், பக்க மறைப்புக் கண்ணாடி அதை நிறுத்தாது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி ஷீட் போடுகிறவர்களும் இதைத்தான் போட வேண்டும், அது ஃபார்மிக் ஆசிட், ஒரு துளி கண்ணில் தெறித்தால் வறட்சியெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். தெறித்துவிட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதில் ஆவி படியும், உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உடம்பை வருத்திச் செய்யும் வேலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை தள்ளி நின்று தூக்கிவிட வேண்டிவரும். ஆன்டி ஃபாக் பூச்சு உள்ளதாக வாங்கினால் அந்த இடைவெளி கூடும். பிரேமிலோ லென்ஸிலோ பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள்: நம் நாட்டுத் தர எண் ஐஎஸ் 5983. ஐரோப்பியத் தரமான இஎன் 166 படி செய்ததில் ஆங்கில ‘என்’ (N) எழுத்து இருந்தால் ஆவித் தடுப்புச் சோதனையில் தேறியது, ‘கே’ (K) இருந்தால் பொடித் துகள் கீறலைத் தாங்கும், பிரேமில் 3 என்று இருந்தால் திரவத் தெறிப்பைத் தடுக்கும், 4 பெரிய தூசி, 5 நுண்தூசியும் வாயுவும். அட்டையில் பெரிதாக ‘ஆன்டி ஃபாக்’ என்று அச்சடித்திருப்பதைவிட இந்தச் சின்ன எழுத்தை நம்பலாம்.

4. முழுமுக ஹெல்மெட்டின் வைசர்

ஏற்கெனவே முழுமுக ஹெல்மெட் இருக்கிறது, கண் எரிவது பைக்கில் மட்டும்தான் என்றால் முதலில் வைசரை, அதாவது முகத்துக்கு முன்னால் இறக்கும் தகட்டை, மூடி ஓட்டிப் பாருங்கள். நிறைய பேர் ஹெல்மெட்டை வாங்கிவிட்டு வைசரைத் தூக்கியே ஓட்டுகிறார்கள், கேட்டால் ஆவி படிகிறது என்பார்கள். அந்த ஆவி மூச்சுக்காற்றில் இருந்து வருவது. மூக்குக்குக் கீழே மூச்சைத் திருப்பிவிடும் ஒரு ரப்பர் மடல் வரும், அதைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள், தாடைப் பக்கத் துவாரத்தைத் திறந்து வையுங்கள். வைசருக்கு உள்பக்கம் மாட்டும் பின்லாக் தகடு இன்னும் நல்லது, இரண்டு தகட்டுக்கு நடுவில் காற்று நிற்பதால் உள்தகடு குளிராது. அதை மாட்டுவதற்கான சின்ன முளை (பின்) உங்கள் வைசரில் இருக்க வேண்டும். ஒட்டும் மலிவு ஃபிலிம் வாங்காதீர்கள், இரவில் எதிர் வண்டி விளக்கு ஒவ்வொன்றும் பூ மாதிரி விரிந்து தெரியும்.

5. நீச்சல் காகிள்ஸ்

சிலர் இதை முயற்சி செய்கிறார்கள். முழு அடைப்பு என்பதால் சில நிமிடத்தில் ஆவி படியும், கண்குழியை அழுத்தும், பக்கப் பார்வை போய்விடும். வண்டி ஓட்ட வேண்டாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

6. ஈரம் காக்கும் கண்ணாடி

கண் வறட்சிக்கென்றே செய்தது. பவர் பிரேமின் பின்னால் மெல்லிய சிலிக்கான் வளையம் இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. சில ஆயிரங்கள் ஆகும். ஏசி அறையில் நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கும், கண்ணீரே குறைவாக ஊறும் கடும் வறட்சிக்காரர்களுக்கும் இது வேலை செய்யும். வெளியே வேர்வையில் ஆவி படியும், தெறிப்புக்கோ அடிக்கோ பாதுகாப்பு இல்லை.

மைனி இதைத்தான் வாங்கப் போனார். நான் நிறுத்தி, முதலில் ஏசி காற்று எங்கே வந்து விழுகிறது என்று பார்க்கச் சொன்னேன். நேராக அவர் முகத்தில்தான். நாற்காலியை மாற்றிப் போட்டதிலேயே பாதி எரிச்சல் குறைந்தது. மிச்சத்துக்கு அவருடைய பவர் கண்ணாடியிலேயே மாட்டும் பக்க மறைப்பு சில நூறு ரூபாய்க்கு வாங்கினோம். கம்ப்யூட்டர் பார்க்கும்போது நாம் சிமிட்டுவது மிகவும் குறைந்துவிடும், அதை எந்தக் கண்ணாடியும் சரிசெய்யாது, நினைவு வைத்துச் சிமிட்டத்தான் வேண்டும். ஏசியில் இருந்து வெளியே வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளையாவது வேறு கதை, கண்ணாடி குளிர்ந்து போயிருப்பதால் வருவது, ஒரு நிமிடத்தில் தானே போய்விடும்.

ஒரே பார்வையில்

| வகை | விலை (ரூபாய்) | காற்றுத் தடுப்பு | ஆவி | பவர் மேல் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| பக்க மறைப்புக் கண்ணாடி | 50–150 | குறைவு | மிகக் குறைவு | சில மாடல் மட்டும் | கீறல், அடிக்கடி மாற்றுவது |
| ஃபோம் பைக் கண்ணாடி | 400–1500 | நன்று | நின்றால் படியும் | முடியாது | ஃபோம், பவர் லென்ஸ் |
| மூடிய துவாரக் காகிள்ஸ் | 150–500 | மிக நன்று | உழைத்தால் படியும் | முடியும் | பட்டை தளர்வது, பூச்சு போவது |
| முழுமுக வைசர் | ஏற்கெனவே உள்ளது | நன்று | மூச்சைப் பொறுத்து | முடியும் | பின்லாக் தகடு |
| நீச்சல் காகிள்ஸ் | 200–600 | முழுவதும் | உடனே | முடியாது | கண்குழி வலி |
| ஈரம் காக்கும் கண்ணாடி | சில ஆயிரம் | மிக நன்று | வெளியே படியும் | பவரோடு வரும் | ஒவ்வொரு பவர் மாற்றத்துக்கும் செலவு |

சித்தப்பாவின் விஷயம்

பால்வெட்டு விடியலுக்கு முன்னால், தலையில் விளக்கு, காட்டுக்குள் ஈரம், சரிவில் ஏறி இறங்கி வேர்வை. இந்த இடத்தில் அடைப்புக் கண்ணாடி எதுவும் சரிவராது, ஆவி படிந்து கத்தி தவறினால் கைதான் போகும். அவருக்கு நிறமில்லாத பக்க மறைப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், பட்டைத் தூளும் கொசுவும் கண்ணில் விழாமல் தடுக்க அது போதும். ஷீட் போடும்போது மட்டும் காகிள்ஸ். இரண்டும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது.

பூச்சைக் காப்பாற்றுவது

ஆன்டி ஃபாக் ஸ்பிரே ஒன்றை ஆன்லைனில் வாங்கி அடித்ததில் எனக்கு இரண்டு நாள் கண் எரிந்தது. கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவில் அடைபட்ட இடத்தில் எந்த மணமுள்ள பொருளும் வறண்ட கண்ணுக்கு ஆகாது. குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டு தண்ணீரில் கலந்து உள்பக்கம் தடவி, மென்துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், அன்றைக்குத் தாங்கும். பூச்சு உள்ள லென்ஸில் அதுவும் தேவையில்லை, தண்ணீர் மட்டும். பற்பசை தேய்க்காதீர்கள், அது அரம் மாதிரி. சானிடைசரும் ஸ்பிரிட்டும் பூச்சை உரித்துவிடும். முட்டம், குளச்சல் பக்கம் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் துணியால் துடைக்கும் முன்னால் கண்டிப்பாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், லென்ஸில் படிந்திருப்பது உப்பு.

சொட்டு மருந்தைக் கண்ணாடி போடுவதற்குச் சில நிமிடம் முன்னால் விடுங்கள். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் மருந்து சேர்க்காத சொட்டு வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு வேறு, அதைத் தொடர்ந்து விட்டால் சிவப்பு திரும்பி வரும்.

கடையில் செய்ய வேண்டியது

போட்டுக்கொண்டு கடை ஃபேனுக்கு நேரே நின்று முகத்தை இடமும் வலமும் திருப்புங்கள், எந்த ஓரத்தில் காற்று நுழைகிறது என்று தெரியும். மூக்கின் இரண்டு பக்கமும்தான் பெரும்பாலும் இடுக்கு விழும், நம்மில் பலருக்கு அங்கே பொருந்துவதில்லை. அப்புறம் மாஸ்க்கோ கைக்குட்டையோ மூக்கின் மேல் கட்டிக்கொண்டு பத்து தடவை பலமாக மூச்சு விடுங்கள், மேலே ஏறும் சூடான மூச்சில் அங்கேயே வெள்ளையானால் ஆரல்வாய்மொழியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்து செருப்பைப் போடுங்கள். நழுவினால் வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.